மானிட்டர் அணைந்தால் போகும் பேச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவில் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பார்வை இல்லாதவர். கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை, அதாவது திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளை, வைத்துத்தான் கணினியில் வேலை பார்க்கிறார். வினாத்தாள் தட்டச்சு, மதிப்பெண் பதிவேற்றம், துறையிலிருந்து வரும் படிவங்கள் எல்லாம் அவர் கையால்தான். நானும் அதே ஸ்கிரீன் ரீடரை நம்பி வேலை செய்கிறவன் என்பதால், மக்கர் செய்தால் மதுரைக்கு ஒரு போன் வரும்.

இந்தத் தடவை வந்த புகார் இது: "தம்பி, நல்லா பேசிட்டு இருக்கும். திடீர்னு பேச்சு போயிட்டு. எத்தனை தட்டு தட்டினாலும் வாய் திறக்க மாட்டேங்கு. யாராவது வந்து பாத்தா மட்டும் ஒழுங்கா பேசுது."

பார்வையுள்ள ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கோளாறு காணாமல் போகிறது என்கிற அந்தக் கடைசி வரியை வீட்டில் எல்லோரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமான தகவலாகப் பட்டது. ஆள் வருவதற்கும் பேச்சு வருவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறுகிறது. அது என்ன என்று கண்டுபிடித்தால் போதும்.

என்னிடம் வருவதற்கு முன்பே நிறைய நடந்திருந்தது. உள்ளூர் சர்வீஸ் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் முன்னால் கணினி அழகாகப் பேசியிருக்கிறது. "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று சொல்லி, அடித்தும் விட்டார். ஆசிரியையின் மகனுடைய பென் டிரைவில் கிடந்த பழைய என்விடிஏ நிறுவியைக் கொண்டு மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே பேச்சு போயிற்று. அப்புறம் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் வந்து, புது ஸ்பீக்கர் வாங்கினார்கள். அதுவும் அப்படியே.

பார்வையுள்ளவர்கள் கணினியைச் சரிசெய்யும்போது திரை என்று ஒன்று எப்போதும் கூடவே இருக்கிறது. சத்தம் போனாலும் ஐகானில் பெருக்கல் குறி விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவருக்குச் சத்தம்தான் திரை. அது போனால், போன காரணத்தைத் தேடும் வழியும் சேர்ந்தே போய்விடும். அதனால் இந்த வேலையில் முதல் கேள்வி "எதைச் சரிசெய்வது" என்பதில்லை. பேச்சு எந்த இடம் வரைக்கும் ஒழுங்காக வருகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அது வரும் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்விடிஏ முதலில் திரையில் உள்ளதை எழுத்தாகத் திரட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள் இது. திரட்டிய எழுத்தை அது ஒரு பேச்சுப்பொறியிடம் கொடுக்கும். கூடவே வரும் ஈஸ்பீக் ஒரு பேச்சுப்பொறி, விண்டோஸோடு வரும் ஒன்கோர் குரல்கள் இன்னொன்று. பேச்சுப்பொறி எழுத்தை ஒலி அலையாக்கி விண்டோஸின் ஒலி அமைப்பிடம் தரும். விண்டோஸ் அதை ஏதாவது ஒரு வெளியீட்டுச் சாதனத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கேபிள், ஸ்பீக்கர், காது. இத்தனை கண்ணிகளில் எது அறுந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது ஒரே மௌனம்தான்.

போனில் செய்த சோதனைகள்

பேச்சு போயிருந்த ஒரு நேரத்தில் அவரை அழைக்கச் சொன்னேன். கணினியை மறுதொடக்கம் செய்யக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். ரீஸ்டார்ட் செய்தால் பாதி நேரம் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் ஏன் போனது என்பதற்கான தடயமும் அழிந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு அது மருந்தே இல்லை.

மிக எளிய சந்தேகத்தை முதலில் தீர்த்தோம். என்விடிஏ விசையோடு (பெரும்பாலும் இன்சர்ட்) எஸ் அடித்தால் பேச்சு முறை மாறிக்கொண்டே போகும். பேச்சு, அணைந்த நிலை, வெறும் பீப் ஒலி என்று சுற்றிவரும். 2024.1 பதிப்பிலிருந்து, கேட்டால் மட்டும் பேசும் முறை ஒன்றும் அதில் சேர்ந்திருக்கிறது. கை தவறி இதை அழுத்திவிட்டு, கணினி கெட்டுப்போயிற்று என்று அழைப்பவர்கள் ஏராளம். சுற்றி முடியும்வரை அடித்துப் பார்த்தார். பீப் கூட வரவில்லை.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி என்விடிஏவை மட்டும் மறுபடி தொடங்கச் சொன்னேன். இதில் ஒரு நல்ல வசதி உண்டு. என்விடிஏ தொடங்கும்போது வரும் சின்ன இசைத் துணுக்கு ஏற்கெனவே பதிவான ஒலிக்கோப்பு, பேச்சுப்பொறியின் வேலை அல்ல. அந்தத் துணுக்கு கேட்டுப் பேச்சு கேட்காவிட்டால் கோளாறு பேச்சுப்பொறியில். இரண்டுமே கேட்காவிட்டால் அதற்கும் கீழே. அவருக்கு இரண்டுமே கேட்கவில்லை.

மூன்றாவது, கன்ட்ரோல், விண்டோஸ், என்டர். இது விண்டோஸோடு வரும் நரேட்டரை எழுப்பும். முற்றிலும் வேறு ஸ்கிரீன் ரீடர் அது. அதற்கும் பேச்சு இல்லை. இரண்டு தனித்தனி மென்பொருள்கள் ஒரே நொடியில் ஒன்றாகக் கெட்டுப்போக வாய்ப்பில்லை. ஆக என்விடிஏவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலி வெளியேறும் இடத்தில்தான் ஏதோ நடக்கிறது. ஃபார்மட் அடித்தது வீண் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் கேட்டேன்.

"டீச்சர், இப்ப மானிட்டர் எரியுதா?"

"எனக்கென்ன தெரியும்? அத்தையைத்தான் கேக்கணும்."

அத்தையைக் கேட்டதில், அணைந்திருந்தது. யாரும் பார்க்காத திரை சும்மா எரிந்தால் கரண்ட் வீண்தானே என்று அவர்தான் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். வழக்கமாகச் செய்வதுதான். ஆசிரியையே சொல்லி வைத்திருந்ததும் உண்டு. கணினி இருப்பது கூடத்தில். வருகிறவர் போகிறவர் கண்ணில் வினாத்தாள் படக் கூடாது என்பதால், தட்டச்சு செய்யும்போது திரையை அணைத்து வையுங்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் அவர் சொல்லியிருந்தார். பல வருடப் பழக்கம், எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. மானிட்டர் எரிவதும் அணைவதும் அவருக்குத் தெரிய வழியில்லாத சமாச்சாரம். அதனால் அணைந்த நேரத்தையும் பேச்சு போன நேரத்தையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பே இருக்கவில்லை.

சர்வீஸ் ஆள் வந்தார் என்றால் முதலில் என்ன செய்வார்? மானிட்டரைப் போடுவார். கோளாறு அந்த நொடியிலேயே ஓடிவிடும்.

முடிவைச் சொன்ன சோதனை

சந்தேகம் வலுத்தாலும் அது இன்னும் சந்தேகம்தான். மானிட்டரைப் போடச் சொல்லி, பேச்சு வந்ததும், என்விடிஏ ரிமோட் என்னும் நீட்சியை அவர் கணினியில் நிறுவி என் கணினியோடு இணைத்தோம். 2025.1 பதிப்பிலிருந்து இந்த வசதி என்விடிஏவின் உள்ளேயே வந்துவிட்டது. அவரிடம் இருந்தது பழையது, ஆகவே நீட்சி தேவைப்பட்டது.

மற்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருள்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இது ஒலியை அனுப்புவதில்லை. அங்கே என்விடிஏ என்ன சொல்ல நினைக்கிறதோ அதை எழுத்தாகவே அனுப்பும். என் கணினியில் உள்ள பேச்சுப்பொறி அதை எனக்குப் பேசிக் காட்டும். ஆகவே அந்தப் பக்கம் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் எனக்குக் கேட்கும். இந்த மாதிரி நேரத்தில் இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது.

இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தையிடம் மானிட்டர் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். "போயிட்டு தம்பி" என்றார் ஆசிரியை. என் காதில் அவருடைய கணினி கொஞ்சமும் தடுமாறாமல் பேசிக்கொண்டே இருந்தது. அவர் அம்புக்குறியை அழுத்த அழுத்த, டெஸ்க்டாப்பில் உள்ள ஒவ்வொரு பெயரும் எனக்கு வந்தது.

இணைய இணைப்பு சரியில்லாத வீடு என்றால் இதே விஷயத்தை லாக் மூலமும் பார்க்கலாம். என்விடிஏவின் பொது அமைப்புகளில் லாக் அளவை உள்ளீடு, வெளியீடு என்ற நிலைக்கு மாற்றி வைத்தால், பேசியதாக நினைக்கும் ஒவ்வொரு வரியும் கோப்பில் பதிவாகும். பேச்சு கேட்காத நேரத்துக்கும் வரிகள் பதிவாகியிருந்தால் என்விடிஏ நலமாக இருக்கிறது என்று பொருள். பேச்சு திரும்பி வந்த பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இணைப்பிலேயே ரன் பெட்டியைத் திறந்து எம்எம்சிஸ் புள்ளி சிபிஎல் என்று அடித்து, பழைய ஒலிக் கட்டுப்பாட்டுச் சாளரத்தைத் திறந்தேன். விண்டோஸின் புது அமைப்புகள் பக்கத்தைவிட இது ஸ்கிரீன் ரீடருக்கு எவ்வளவோ லேசு. ஒரே பட்டியல், அம்புக்குறியால் ஏறி இறங்கலாம், எது இயல்புச் சாதனம், அதாவது ஒலி தானாகப் போய்ச் சேரும் சாதனம், என்பதையும் சொல்லிவிடும். மானிட்டர் எரியும்போது பட்டியலில் இரண்டு சாதனங்கள் இருந்தன. மானிட்டரின் மாடல் பெயரோடு ஒன்று, அதுதான் இயல்புச் சாதனம். கேபினட்டின் ரியல்டெக் ஒலிச் சிப்பில் இருந்து வருவது மற்றொன்று. மானிட்டரை அணைத்ததும் முதலாவது பட்டியலை விட்டே போய்விட்டது. இயல்புப் பட்டம் ரியல்டெக்குக்கு மாறியது.

"டீச்சர், கேபினட்டோட முன்பக்கத்துல ஏதாவது செருகியிருக்கா, தடவிப் பாருங்க."

மகனுடைய ஹெட்செட் செருகியிருந்தது. ஒயர் மேசையின் பக்கவாட்டுக்குப் போய், ஓர் ஆணியில் ஹெட்செட் தொங்கிக்கொண்டிருந்தது. காதில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"அட, இதுக்குள்ள பேசிட்டு இருக்கு!"

இத்தனை நாள் பேச்சு போகவே இல்லை. ஆணியில் தொங்கியபடி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று

இப்போது இருப்பது புதிதாக மாற்றிய மானிட்டர். பழைய மானிட்டர் விஜிஏ கேபிளில் இருந்தது. விஜிஏ படத்தை மட்டும் கடத்தும், ஒலியைக் கடத்தாது. அதனால் ஸ்பீக்கர் நேராகக் கேபினட்டின் பின்பக்கத்தில்தான் செருகப்பட்டிருந்தது. மானிட்டர் அணைந்தாலும் எரிந்தாலும் பேச்சுக்குச் சம்பந்தமில்லை.

புது மானிட்டர் எச்டிஎம்ஐ. அது படத்தோடு ஒலியையும் கடத்தும். விண்டோஸின் கண்ணுக்கு அது ஒரு ஸ்பீக்கர். மானிட்டரை இடம் மாற்றி வைத்தபோது ஸ்பீக்கர் ஒயர் கேபினட் வரை எட்டவில்லை. மானிட்டரின் பின்னால் ஓர் ஆடியோ துளை இருப்பதைப் பார்த்து மகன் அதில் செருகிவிட்டான். சத்தம் வந்தது, வேலை முடிந்தது. அவன் செய்ததில் தப்பொன்றும் இல்லை, திரையைப் பார்த்து வேலை செய்கிற ஒருவருக்கு இந்த ஏற்பாடு கடைசிவரை தொல்லையே தராது. மானிட்டர் அணைந்தால் அவரும் எழுந்து போய்விடுவார் அல்லவா?

சாதனம் துண்டிக்கப்பட்டால் விண்டோஸ் அடுத்துக் கிடைக்கும் சாதனத்துக்கு ஒலியை மாற்றிவிடும். என்விடிஏவின் வெளியீட்டுச் சாதனம் இயல்பு நிலையில் இருந்ததால் அதுவும் பின்னாலேயே போயிற்று. மானிட்டரை மறுபடி போட்டதும் இரண்டும் திரும்பி வந்தன. எல்லாம் அவரவர் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஹெட்செட் செருகியிராவிட்டால் ஒலி போக இடமில்லாமல் ஏதாவது பிழையாவது பதிவாகியிருக்கலாம். ஹெட்செட் இருந்ததால் அந்தத் தடயமும் இல்லாமல் போயிற்று.

நடுநடுவே சில விநாடி மட்டும் பேச்சு போய்த் தானாகத் திரும்பியதற்கும் இதே காரணம்தான். போன் பேசிவிட்டு வரும் நேரத்தில் விண்டோஸ் திரையை உறங்க வைத்துவிடும். இந்த மானிட்டர் உறங்கும்போது ஒலியையும் சேர்த்து நிறுத்தியது. ஒரு விசையைத் தட்டினால் மானிட்டர் விழித்து, கை குலுக்கி முடித்து, ஒலி வர நாலைந்து விநாடி ஆகும். எல்லா மானிட்டரும் இப்படி நடந்துகொள்ளாது. சிலவற்றில் பொத்தானை அழுத்தி அணைத்தாலும் எச்டிஎம்ஐ இணைப்பு உயிரோடு இருக்கும். சுவர் சுவிட்சில் அணைத்தால் பெரும்பாலும் இருக்காது. இந்த வேறுபாட்டால்தான் சிலருக்கு வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்காது, மானிட்டர் மாற்றிய வாரமே சிலருக்குத் தொல்லை தொடங்கும்.

தீர்வும் அதற்குள் இருந்த இன்னொரு பொறியும்

தீர்வு ஒரு நீளமான ஆடியோ ஒயர். ஸ்பீக்கரைக் கேபினட்டின் பின்பக்கத்துக்கே கொண்டுபோனோம். பின்பக்கத்தில் மூன்று துளைகள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் பச்சை, அதாவது ஸ்பீக்கருக்கானது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மைக்குக்கான இளஞ்சிவப்பு. நிறத்தைச் சொல்லி உதவ ஆள் இல்லாதபோது நடுத்துளை என்பது கைக்குத் தெரியும் அடையாளம்.

செருகியும் பேச்சு வரவில்லை! முன்பக்கத்து ஹெட்செட்டை யாரும் எடுக்கவில்லை. ரியல்டெக் மென்பொருளில் முன்பக்கத்தில் ஹெட்போன் செருகினால் பின்பக்கத்தை ஊமையாக்கும் அமைப்பு ஒன்று உண்டு, இங்கே அது இயங்கிக்கொண்டிருந்தது. அதே மென்பொருளில் முன்னும் பின்னும் தனித்தனிச் சாதனங்களாக இயங்கச் செய்யும் தெரிவும் இருந்தது. அதைப் போட்டோம். இப்போது பட்டியலில் ஸ்பீக்கர் தனி, ஹெட்செட் தனி.

அப்புறம் மானிட்டரின் ஒலிச் சாதனத்தை அதே பழைய சாளரத்தில் தேர்ந்து, முடக்கினோம். வீட்டில் யாருக்கும் அது தேவையில்லை. கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பிக்கப்படும்போது அது மறுபடி தலைகாட்டலாம். அதற்காக இன்னொரு தாழ்ப்பாளும் போட்டோம். என்விடிஏவின் ஆடியோ அமைப்புகளில், இயல்புச் சாதனம் என்று விடாமல், ஸ்பீக்கரின் பெயரையே வெளியீட்டுச் சாதனமாகத் தேர்ந்தோம். மகன் விளையாடும்போது ஒலியை எங்கே திருப்பிக்கொண்டாலும் அம்மாவின் பேச்சு ஸ்பீக்கரை விட்டு நகராது.

ஒன்று பலர் விட்டுவிடுவது. விண்டோஸுக்குள் நுழையும் கடவுச்சொல் திரையில் என்விடிஏ வேறொரு அமைப்புத் தொகுப்பில் ஓடுகிறது. உள்ளே எல்லாம் சரியாக்கிவிட்டு, மறுநாள் கடவுச்சொல் திரையில் பேச்சு இல்லை என்று திகைப்பார்கள். பொது அமைப்புகளில், சேமித்த அமைப்புகளை உள்நுழைவுத் திரைக்கும் பயன்படுத்தச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு அதை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தினோம்.

முதல் அசை விழுங்கப்பட்ட கதை

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது ஆசிரியை வேறொன்றைச் சொன்னார். இரவில் வீட்டில் தூங்குகிறவர்களுக்காக ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொள்வார். அதில் சில நேரம் ஆரம்ப எழுத்து விழுந்துவிடுகிறது, பெரிய தொந்தரவில்லை, பழகிவிட்டது என்றார்.

பழகிக்கொள்ளக் கூடிய விஷயம் இல்லை இது. அவர் என்விடிஏவை ஆங்கில இடைமுகத்தில் வைத்திருக்கிறார். ஒரு தேர்வுப் பெட்டியில் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் புது நிலையை மட்டும் சொல்லும்: "செக்டு" அல்லது "நாட் செக்டு". முன்னால் உள்ள "நாட்" விழுந்தால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஒரு துறைப் படிவத்தில் அவர் தேர்ந்ததாக நினைத்தது தேராமலே போய், திருத்தத்துக்கு அலைய வேண்டியிருந்தது. அதைத் தன் கவனக்குறைவு என்றே எண்ணியிருந்தார்.

காரணம் எளிது. ப்ளூடூத் சாதனங்களும் வேறு சில ஒலிச் சாதனங்களும் மின்சாரம் சேமிக்க, சத்தம் வராத நேரத்தில் உறங்கப் போகின்றன. பேச்சு வந்து எழுப்பும்போது, எழுந்திருக்க எடுக்கும் அந்த ஒரு துளி நேரத்தில் முதல் அசை போய்விடும். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஸ்கிரீன் ரீடரின் பேச்சோ விட்டு விட்டு வரும் சின்னச் சின்ன துண்டுகள். இந்தச் சேமிப்பு அதிகம் கடிப்பது நம்மைத்தான்.

2024.2 பதிப்பில் இதற்காகவே ஒரு அமைப்பு வந்தது. பேசி முடித்த பிறகும் எத்தனை விநாடி ஒலிச் சாதனத்தை விழித்திருக்க வைக்கலாம் என்று ஆடியோ அமைப்புகளில் சொல்லலாம். இயல்பாக 30 விநாடி. ஆசிரியையிடம் இருந்தது பென் டிரைவில் கிடந்த 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, அதில் இந்த அமைப்பே இல்லை. புதுப் பதிப்பை ஏற்றி, 30-ஐ 300 ஆக்கினோம். ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்துவிட்டுப் புத்தகத்தில் அடுத்ததை யோசிக்க அவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதனால்தான். ஹெட்போன் சார்ஜ் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். இறங்கட்டும்.

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. 2023.3 வரிசைதான் அதில் ஓடும் கடைசி என்விடிஏ. அவர்களுக்கு ஒயர் வைத்த ஹெட்போன்தான் நல்லது.

கூட்டம் தொடங்கினால் கிசுகிசுக்கும் பேச்சு

இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்ததும் என்விடிஏவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது என்பதும் அவருடைய நீண்ட நாள் குறை. ஒலியளவைக் கூட்டினால் கூட்டத்தின் இரைச்சலும் கூடவே ஏறும்.

இது கோளாறே இல்லை, விண்டோஸின் ஏற்பாடு. யாராவது அழைப்பில் பேசுகிறார்கள் என்று கண்டால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். நடுவில் பாட்டு ஓடினால் இடைஞ்சல் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்கிரீன் ரீடரும் அதன் கணக்கில் "மற்ற ஒலி". அதே எம்எம்சிஸ் சாளரத்தில் தகவல்தொடர்பு என்ற கடைசித் தாவலுக்குப் போய், ஒன்றும் செய்யாதே என்ற தெரிவைப் போட்டதும் சரியாயிற்று.

என்விடிஏவிடமும் இதற்கு நேர் எதிரான வசதி உண்டு. என்விடிஏ விசை, ஷிஃப்ட், டி அழுத்தினால், தான் பேசும்போது மற்ற ஒலிகளை அது தாழ்த்தும். கணினியில் நிறுவிய பிரதியில் மட்டும் இது வேலை செய்யும், பென் டிரைவில் இருந்து நேராக ஓட்டும் பிரதியில் வராது. கூட்டத்தில் யார் பேசுவது முக்கியம் என்பதைப் பொறுத்து ஆசிரியை இதைப் போட்டும் எடுத்தும் பயன்படுத்துகிறார்.

ஒலி இருக்கிறது, தமிழ் இல்லை

ஃபார்மட்டின் உண்மையான சேதம் கடைசியில்தான் வெளிப்பட்டது. ஆங்கில வரிகள் வருகின்றன, தமிழ் வரி வந்தால் மௌனம். மறுபடியும் ஸ்பீக்கர் ஒயரைத் தடவிப் பார்த்திருக்கிறார் பாவம்.

முன்பு அவர் ஈஸ்பீக்கில் தமிழ்க் குரலை, வேகம் முதல் நிறுத்தக்குறி வரை தன் விருப்பப்படி அமைத்து வைத்திருந்தார். அந்த அமைப்புகள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் என்விடிஏ என்ற பெயரில் இருப்பவை. ஃபார்மட்டில் அதுவும் போயிற்று. ஆங்கில இடைமுகத்தோடு புதிதாக நிறுவியதால் ஒன்கோரின் ஆங்கிலக் குரல் வந்து உட்கார்ந்தது. அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாததைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். ஒலிச் சோதனை எதைச் செய்தாலும் தேறிவிடும், ஏனென்றால் ஒலியில் குறையே இல்லை.

விண்டோஸ் அமைப்புகளில் தமிழுக்கான பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற ஆண்குரல் கிடைக்கும். ஈஸ்பீக்கைவிட மனிதக் குரலுக்குப் பக்கம். ஆசிரியை கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு வேகம் பத்தாது" என்று ஈஸ்பீக் தமிழுக்கே திரும்பிவிட்டார். எனக்கும் அதே கட்சிதான். ஈஸ்பீக்கின் குரல் தகரத்தனமானது என்று கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் விசையைத் தட்டியதும் சட்டென்று பேசும், எவ்வளவு வேகம் ஏற்றினாலும் சொல் சிதையாது. நாள் முழுக்க உழைக்கும் குரலுக்கு அழகு இரண்டாம்பட்சம்.

இதன் பிறகும் சில வினாத்தாள் கோப்புகள் மட்டும் உளறின. தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படித்தது. அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு. பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எந்தக் குரலை மாற்றினாலும் இது தீராது. கோப்பை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுவிட்டது. இருந்தும் பள்ளிகளில் கைமாறி வரும் கோப்புகளில் பாமினி இன்னும் சாகவில்லை. சக ஆசிரியர்களிடம் யூனிகோடில் அனுப்பச் சொல்லி ஆசிரியை கேட்டிருக்கிறார். சிலர் அனுப்புகிறார்கள், சிலருக்கு மாற்றியைக் கொண்டு அவரே மாற்றிக்கொள்கிறார்.

இப்போதைய நிலை

மானிட்டர் பழையபடி அணைந்தே கிடக்கிறது, பேச்சு போவதில்லை. என்விடிஏ அமைப்புக் கோப்புறையின் பிரதி ஒன்று அவருடைய பென் டிரைவில் இருக்கிறது. இனி யாராவது ஃபார்மட் என்று வாயைத் திறந்தால், முதலில் நரேட்டர் பேசுகிறதா என்று கேட்கப் போவதாகச் சொல்கிறார்.

தீராதது ஒன்று உண்டு. ப்ளூடூத் ஹெட்போனோடு கூட்டத்தில் சேர்ந்து அதன் மைக்கைத் திறந்தால், இணைப்பு ஒலித்தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. எல்லாக் குரலும் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் ஆகிவிடும். அந்த வேகத்தில் ஓடும் ஈஸ்பீக்கை அந்தத் தரத்தில் பிரித்துக் கேட்பது சிரமம். அவருடைய ஹெட்போனில் இதற்கு அமைப்பு வழியாக மாற்று எதுவும் கிடைக்கவில்லை. கூட்டம் இருக்கும் நாட்களில் மகனின் ஒயர் ஹெட்செட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.